பாட்டரின் காளையா, கைப்பின் பசுக்களா?

வீட்டில் மாட்ட ஒரு டச்சு மாட்டுப் படம் வேண்டும், யாருடையது நல்லது என்று நண்பர்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பிரிண்ட்தான். போட்டி 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் பௌலஸ் பாட்டருக்கும் ஆல்பெர்ட் கைப்புக்கும்.

மாடு
பாட்டர்: மாடுதான் கதாநாயகன். 1647-இல் வரைந்த 'காளை' ஹேக் நகர மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் மட்டும் 3 மீட்டருக்கு மேல்! முதுகைச் சுற்றி ஈக்கள், தரையில் தவளை, சாணியைக்கூட விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படியொரு காளையே கிடையாது. வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்து ஒன்றாகச் சேர்த்தது. 28 வயதில் செத்துப்போன மனிதரின் வேலை இது.
கைப்: மாடு படுத்து அசை போடும், அவ்வளவுதான்.

வெளிச்சம்
பாட்டர்: மேகம் கவிந்த பகல்.
கைப்: இங்கே இவர்தான் ராஜா. மாட்டின் முதுகு விளிம்பில் தேன் நிற வெயில் ஒரு கோடாக ஓடும். இத்தாலி போய்வந்த டச்சு ஓவியர் யான் போத்தின் பாணியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

அளவு
பாட்டர்: காளையைச் சுருக்கினால் ஈ காணாமல் போய்விடும்.
கைப்: லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, தூங்கும் மேய்ப்பனும் ஐந்து பசுக்களும், தூரத்தில் டோர்ட்ரெக்ட் நகரமும் தெரியும் படம் சின்ன பிரிண்டிலும் எடுபடும்.

சரி, பெரிய சுவரும் கிட்டே போய் நோண்டிப் பார்க்கிற குணமும் இருந்தால் பாட்டர். சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு கைப். என் வீட்டில் கைப்தான். சாணிக்கு வீட்டில் ஒப்புதல் கிடைக்கவில்லை.