ராயக்கோட்டை பக்கம் 'ஹெரிட்டேஜ் ஸ்டே'ன்னு வீக்கெண்ட் பேக்கேஜ் பாத்தீங்கன்னா, காசு அனுப்பறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை பக்கம் சனி ஞாயிறு அமைதியா இருந்துட்டு வரலாம்னு நினைக்கறவங்களுக்காக எழுதறேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ் சுத்திட்டு இருக்கு. நூறு வருஷத்து ஓட்டு வீடு, திண்ணை, முற்றத்துல ஊஞ்சல், ஜன்னல தொறந்தா கோட்டை, ராத்திரிக்கு களியும் நாட்டுக்கோழி குழம்பும், விடியக்காலைல கோட்டை மேல சன்ரைஸ், வரும்போது தோப்புல மாம்பழம்னு ரீல்ஸ் போட்டு ஆள் புடிக்கறாங்க. பேர் இங்க போடல, போட்டும் புண்ணியம் இல்ல, அத மாத்திட்டே இருக்காங்க.

நான் தர்மபுரிக்காரன். சென்னைல இருக்கற என் சகலை தான் இத பாத்துட்டு போன் பண்ணாரு, ரெண்டு குடும்பமும் அத்தையும் சேர்ந்து போலாம், பசங்களுக்கு லீவு முடியறதுக்குள்ளன்னு. ஒரு மணி நேர தூரத்துல சொந்த வீட்ட வச்சிக்கிட்டு ரூம் எடுத்து தங்கறதான்னு எங்கம்மா சிரிச்சாங்க, ஆனா எல்லாரும் ஒண்ணா இருக்கலாமேன்னு கெளம்பிட்டோம். ரெண்டு ரூம், ஒரு ராத்திரி, சாப்பாடு, கோட்டை டூர் எல்லாம் சேர்த்து 13,500 ரூவா, பாதி அட்வான்ஸ் போதும்னு பேச்சு. வெள்ளிக்கிழமை காலைல போன் வருது, "சார் வேற பார்ட்டி ஃபுல் பேமென்ட்டோட நிக்கறாங்க, நீங்க மீதியும் போட்டா தான் ரூம் லாக் ஆகும்"னு. சகலை போட்டுட்டாரு. ஜிபேல வந்த பேரு ஸ்டே பேரு இல்ல, யாரோ ஒரு தனி ஆள் பேரு. இதுக்கு பில்லு கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு தம்ஸ்அப்.

லொகேஷன் கேட்டா ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டோட மேப் பின் தான் அனுப்பறாங்க, "வந்துட்டு கால் பண்ணுங்க சார், பையன் வருவான்"னு. பையன் வந்தான், பைக்ல முன்னாடி போனான், நாங்க பின்னாடி. ஊருக்குள்ள ஏதாவது தெருவுல திரும்புவான்னு பாத்தா திரும்பவே இல்ல, அப்படியே கிருஷ்ணகிரி ரோட்ட புடிச்சு அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டி கடைசில பைபாஸ் ஓரம் ஒரு ஷீட்டு போட்ட லைன் ரூம்ஸ் முன்னாடி நிறுத்தறான். ஓடும் இல்ல, முற்றமும் இல்ல. திண்ணை மாதிரி ஒரு சிமென்ட் மேடை, அதுல தண்ணி கேன் அடுக்கி வச்சிருக்கு. கோட்டை வியூ ஜன்னல தொறந்தா கிரானைட் கம்பெனி காம்பவுண்டு சுவரும் செல்போன் டவரும் தெரியுது. சேலம், பெங்களூர், சென்னைன்னு போற எல்லா லாரியும் கிருஷ்ணகிரிய தொடாம போகாது, விடிய விடிய ஏர் ஹார்ன் தான்.

போட்டோல இருந்த வீடு எங்கன்னு என் வீட்டுக்காரி தான் கேட்டா. போன்ல அந்த போட்டோவ பெருசு பண்ணி காட்டறா, தரையில பூ போட்ட ஆத்தங்குடி கல்லு, வழவழன்னு தேக்குத் தூணு. அது காரைக்குடி பக்கத்து செட்டியார் வீடுங்க! நம்ம பக்கம் பழைய வீடுன்னா கருங்கல் தூணு, கல்லு பாவின தரை, நாட்டு ஓடு, அவ்ளோ தான். யாரோ செட்டிநாட்டுல எடுத்த போட்டோவ தூக்கி ராயக்கோட்டைன்னு போட்டு வச்சிருக்கானுங்க. கேட்டா அந்த பையன் சாதாரணமா சொல்றான், "அது மெயின் ப்ராப்பர்ட்டி அண்ணா, மெயின்டனன்ஸ்ல இருக்கு"ன்னு.

ராத்திரி சாப்பாடு. களி மட்டும் களி தான், ஆறிப்போய் கட்டியா. நாட்டுக்கோழி குழம்பு பாலித்தீன் கவர்ல முடிச்சு போட்டபடியே சமையல் ரூம்ல கெடந்தத என் பையன் பாத்துட்டு வந்து சொன்னான், ஏதோ பைபாஸ் ஓட்டல் பார்சல். எங்க அத்தை ஒரு எலும்ப எடுத்து ரெண்டு விரல்ல வச்சு நசுக்கினாங்க, பொடியா போச்சு. "ஏங்க மாப்ள, நாட்டுக்கோழி எலும்பு இப்படி மாவா ஒடையுமா?"ன்னாங்க. அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

ஆனா இதெல்லாம் கூட போகட்டும், அடுத்த நாள் கோட்டையில நடந்தது தான் எனக்கு ஆறவே இல்ல. அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்ன கைடு எட்டரைக்கு வந்தாரு, சன்ரைஸ் போச்சு. அடிவாரத்துல நின்னுக்கிட்டு, கோட்டை சென்ட்ரல் கவர்மென்ட் கன்ட்ரோல்ல இருக்கு சார், எண்ட்ரி டிக்கெட் ஆளுக்கு 150, பசங்களுக்கும் சேர்த்து, நாங்க கட்டிடறோம், பில்லு ரூம்ல குடுத்துடுவோம்னாரு. ராயக்கோட்டை கோட்டை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கறது நெசம் தான், ஆனா அங்க டிக்கெட்டே கிடையாது. தொல்லியல் துறை டிக்கெட் போட்ட இடத்துல கூட நம்மாளுங்களுக்கு 25 இல்லன்னா 40 ரூவா தான், 15 வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு இலவசம். மலையில ஆடு மேய்ச்சிட்டு இருந்த ஒரு ஆயா கிட்ட சும்மா கேட்டேன். "டிக்கெட்டா? நான் பொறந்ததுல இருந்து ஏறி எறங்கறேன், யாரு சாமி ஒங்ககிட்ட காசு கேட்டது?"ன்னு அது கைடையே பாத்து கேக்குது. அவரு அதுக்குள்ள போன காதுல வச்சிக்கிட்டாரு.

மேல போனதும் வரலாறு ஆரம்பிச்சாரு பாருங்க. இது அதியமான் கட்டின கோட்டையாம், இதோ இந்த சுனை பக்கத்துல தான் ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்தாராம், அந்த பாறை இடுக்குல நுழைஞ்சா ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் சுரங்கமாம். தகடூர்க்காரன் கிட்டயேவா! அதியமான் ஆண்ட தகடூர் இப்ப எங்க தர்மபுரி. ராயக்கோட்டைன்னா திப்பு சுல்தான் காலத்து சண்டைய சொல்லணும், 1791ல மேஜர் கௌடி தலைமையில கிழக்கிந்திய கம்பெனி படை வந்து புடிச்சது, அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல பாரமகால்னு அப்ப சொன்ன நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மொத்தமும் வெள்ளைக்காரன் கைக்கு போச்சு. சும்மா இருந்தாலே கேக்க அவ்ளோ கதை இருக்கற எடத்துல வாய்க்கு வந்தத ஊத்திவிட்டு அதுக்கு 1500 ரூவா கைடு ஃபீஸ் வேற. என் சகலை பையன் பாவம், அந்த சுரங்கத்த தேடிக்கிட்டே இருந்தான்.

செக்கவுட் பண்ணும்போது ஒரு துண்டு சீட்டு நீட்டறாங்க. கோட்டை டிக்கெட் 1050, கைடு 1500, கேம்ப் ஃபயர் 800 (நாலு விறகு, அதுவும் மழைத் தூத்தல்ல அணைஞ்சு போச்சு), அப்புறம் பேக்கேஜுக்கு 18% ஜிஎஸ்டி 2430. மொத்தம் 5780 ரூவா. சீட்டுல ஜிஎஸ்டி நம்பர் இல்ல, கடை பேரு கூட இல்ல. ஒரு ராத்திரிக்கு 7500 ரூவாய்க்குள்ள இருக்கற ரூமுக்கு 18% எங்கயுமே கிடையாது, இப்ப 5% தான், அதையும் ஜிஎஸ்டி நம்பர் இருக்கறவங்க தான் வாங்க முடியும். நம்பர் காட்டுங்கன்னு கேட்டேன், ஆடிட்டர் கிட்ட இருக்குங்கறாங்க.

இங்க தான் கொக்கி. முதல் நாளே என்ட்ரிக்குன்னு சொல்லி எங்க ஒரிஜினல் ஆதார் கார்ட வாங்கி டிராயர்ல போட்டு பூட்டிட்டாங்க. "செட்டில் பண்ணிட்டு வாங்கிக்கோங்க சார்". நான் 100க்கு போன் போடறேன்னதும் குரல் எறங்குச்சு, ஜிஎஸ்டிய அடிச்சாங்க, டிக்கெட்ட அடிச்சாங்க, கைடு காசுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேச்சு. அத்தைக்கு பிரஷர் மாத்திரை போடற நேரம் தாண்டிடுச்சு, கடைசில 2000 குடுத்து கார்ட வாங்கிட்டு வந்தோம். தங்கற எடத்துல ஒரிஜினல புடிச்சு வச்சிக்க எவனுக்கும் உரிமை இல்லங்க. ஜெராக்ஸ் குடுங்க, இல்லன்னா ஆதார் சைட்ல கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாதிரி மாஸ்க்டு காப்பி டவுன்லோட் பண்ணி அத குடுங்க. அதுக்கு முன்னாடியே, வீட்டோட சரியான லொகேஷன் பின்னும், அந்த நேரத்துல வீட்டு வாசல்ல நின்னு ஒரு வீடியோ காலும் கேளுங்க, பஸ் ஸ்டாண்டு பின் அனுப்பறவனுக்கு பத்து பைசா போடாதீங்க.

மாம்பழ பெட்டிய பத்தி ஒரே வரி: மேல் வரிசை மட்டும் நல்ல அல்போன்சா, கீழ எல்லாம் தோல் மஞ்சளா உள்ள வெள்ளையா புளிக்குது. ரோட்டோரம் நம்ம சந்தையில கிளிமூக்கு மாங்கா வாங்கி உப்பு மொளகாப்பொடி போட்டு தின்னிருக்கலாம்.

இதுக்காக ஊர வெறுத்துடாதீங்க. அங்கிருந்து தப்பிச்சு வந்து கிருஷ்ணகிரி காந்தி ரோட்ல இருக்கற அரசு மியூசியத்துக்கு போனோம், நடுகல் எல்லாம் நிதானமா பாத்தோம் (வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, லீவு). அப்புறம் கேஆர்பி டேம், 1957ல காமராஜர் தொறந்து வச்ச டேம், அங்க சுடச்சுட வறுத்த மீனு. பசங்க அப்ப தான் மொதல் தடவையா சிரிச்சாங்க. பெட்ரோல் தவிர ஆயிரம் ரூவா கூட ஆகல.

வந்து 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு. எங்கள பிளாக் பண்ணிட்டு அதே ஊஞ்சல் போட்டோவோட புது பேர்ல பேஜ் ஓடுது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் தான், 5 லட்சம் வரைக்குமான கேசுக்கு ஃபீஸ் கிடையாது, 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பணம் போட்டதும் ஆளே காணோம்னா அது சைபர் மோசடி, உடனே 1930க்கு அடிங்க, லேட் பண்ண பண்ண பணத்த புடிக்கறது கஷ்டம். ஜிபே ரசீது, அந்த துண்டு சீட்டு, வாட்ஸ்அப் சாட் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். அந்த ஊஞ்சல் போட்டோ பேஜ்ல நீங்களும் காசு போட்டிருந்தா இன்பாக்ஸ் வாங்க, சகலை சென்னைல போடறாரு, நீங்க உங்க ஊர்ல போடுங்க.