புது மாடல் வரும் நேரத்தில் பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

கார் எடுத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதே கார், கிட்டத்தட்ட அதே விலை, கூடுதலாக ரேடாரும் 360 டிகிரி கேமராவும் வைத்து ஷோரூமில் நிற்கும். கேட்டால், "எங்களுக்கே இப்போதுதான் தெரியும் சார்" என்பார்கள்.

ஒரு கார் மாடலின் ஒரு தலைமுறை பொதுவாக 5 முதல் 7 ஆண்டு ஓடும். 3 அல்லது 4ஆம் ஆண்டில் ஃபேஸ்லிஃப்ட் (அதே மாடலின் புதுப்பித்த வடிவம்) வரும். முன்கூட்டியே சொன்னால் இருக்கிற ஸ்டாக் தேங்கிவிடும். அதனால் கடைசிவரை மூச்சு விடமாட்டார்கள். இப்போது அந்த இடைவெளியும் சுருங்குகிறது. சீனாவில் ஸீக்கர் 001 என்ற மின்சாரக் காரின் புதுப்பித்த பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தது. ஆகஸ்டிலேயே லைடாரும் (லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் சென்சார்) என்விடியா சிப்பும் வைத்த அடுத்தது வந்துவிட, முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள்.

"புது வசதியெல்லாம் சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிடும்" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். ரேடார் வைக்க பம்பருக்குள் பிராக்கெட், வயரிங் ஹார்னெஸ் (வயர்களின் தொகுப்பு), ஈசியு (கட்டுப்பாட்டுக் கணினி) எல்லாம் மாற வேண்டும். சாஃப்ட்வேர் அதைக் கொண்டுவராது.

மாதக்கணக்கில் இருந்த வெயிட்டிங் திடீரென "நாளைக்கே டெலிவரி" ஆவது, டாப் வேரியன்ட்டில் இரண்டே நிறம் மிஞ்சுவது, கேட்காமலே தள்ளுபடி ஏறுவது: இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். (தள்ளுபடி கணிசமாக இருந்தால் தெரிந்தே பழையதை எடுப்பதில் தப்பில்லை. ஆரம்பக் கோளாறுகள் பெரும்பாலும் சரியாகியிருக்கும். ஆனால் விற்கும்போது விலை அடிபடும், அதையும் கணக்கில் வையுங்கள்.)

பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் விஐஎன்னை (ஒவ்வொரு வண்டிக்குமான தனி அடையாள எண்) கேளுங்கள். பல தயாரிப்பாளர்களிடம் அதன் 10ஆவது எழுத்து மாடல் ஆண்டு: R என்றால் 2024, S 2025, T 2026. எல்லாரும் இதைப் பின்பற்றுவதில்லை. தவிர, மாடல் ஆண்டும் தயாரான தேதியும் ஒன்றல்ல. அதனால் தயாரான மாதத்தை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே குனிந்து டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3225 என்றால் 2025இன் 32ஆவது வாரம். "போன மாதம் வந்த வண்டி"யில் நான்கு டயரும் பத்து மாதப் பழசு என்றால், வண்டி யார்டில் வெயில் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்டர் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: டெலிவரிக்கு முன் புது மாடல் அறிவிக்கப்பட்டால் புதியதற்கு மாற்றலாம், அல்லது முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும். வாய்வார்த்தை செல்லாது, கையெழுத்தும் சீலும் வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே இதை முடியுங்கள். பதிவாகிவிட்டால் அது பழைய வண்டிக் கணக்கு, மாற்றித் தர யாரும் முன்வரமாட்டார்கள்.