பாய்லரில் பிரஷர் இறங்கினால்: நீல லீவரா, வெளிக்குழாயா?

போன நவம்பரில் எங்கள் லண்டன் வீட்டின் பழைய பாய்லரை (அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய் வெந்நீருக்குமான கேஸ் பெட்டி) மாற்ற வந்த இன்ஜினியர், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர் நிரப்பும் லிங்க்கை பாய்லருக்கு அடியிலேயே பொருத்திவிடவா, இல்லை வெளியே தனியாக ஃபில்லிங் லூப், அதாவது கழற்றி மாட்டும் நிரப்புக் குழாய், போட்டுவிடவா? "உள்ளேயே இருக்கட்டுங்க, பார்க்கச் சுத்தமா இருக்கும்" என்றாள் என் மனைவி. நான் வெளியே என்றேன். சமையலறை அலமாரிக்குள் அந்தப் பின்னல் குழாய் தொங்குவது அவளுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்பதுதான் இந்த அலசல்.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டிங், வெந்நீர் இரண்டையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும் காம்பி பாய்லர் வீட்டில் மாடித் தொட்டி கிடையாது. ரேடியேட்டர்களுக்குள் சுற்றுவது மூடிய சுற்றில் அடைபட்ட ஒரே தண்ணீர். பாய்லர் ஆறியிருக்கும்போது அந்தத் தண்ணீரின் பிரஷரைக் காட்டும் கேஜின் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அளவு) நடுவில் நிற்க வேண்டும். சூடானதும் 2 வரை ஏறலாம். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரைத் துப்பிவிடும். அளவுக்கு மீறி இறங்கினாலோ பாய்லர் வேலைநிறுத்தம்தான், திரையில் கோளாறு எண் வரும்: வைலன்ட் கம்பெனி பாய்லரில் எஃப் 22, ஐடியல் லாஜிக்கில் எஃப் 1, பாக்ஸியில் இ 119. வீட்டுக்குக் குடிநீர் வரும் மெயின்ஸ் குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டால் எழுந்துகொள்ளும். இதற்கு கேஸ் சேஃப் பதிவு பெற்ற இன்ஜினியர் தேவையில்லை, நாமே செய்யலாம். பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை மட்டும் நம்முடையது அல்ல.

தண்ணீரை எந்த வழியாக விடுவது என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம்.

பாய்லருக்கு அடியிலேயே இருக்கும் லிங்க்கில் லீவர் வகை, சாவி வகை என்று இரண்டு உண்டு. சுலபம் என்று பார்த்தால் லீவர்தான். பாய்லருக்கு அடியில் கைவிட்டு நீல லீவரைக் கீழே இழுத்தால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும், முள் ஏறும், 1.3 வந்ததும் விட்டுவிடலாம். பத்து விநாடி வேலை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம்கூட வீடியோ காலில் சொல்லிச் செய்ய வைக்கலாம், நான் செய்ய வைத்திருக்கிறேன். சாவி வகை கொஞ்சம் பழசு. வெள்ளை பிளாஸ்டிக் சாவியைப் பூட்டுப் படத்துக்கு நேராகச் செருகித் திருப்பி, பக்கத்தில் இருக்கும் சதுரக் குமிழைத் திறக்க வேண்டும். முடிந்ததும் சாவியை உருவிவிட்டால் இணைப்பே அறுந்துபோகும். அந்த வகையில் நேர்மையான ஏற்பாடு. ஆனால் வீடு கைமாறும்போது முதலில் தொலைவது அந்தச் சாவிதான்.

வெளி லூப் இரண்டு முனைகளுக்கு நடுவே போகும் எஃகுப் பின்னல் குழாய். முனைகளில் குட்டி வால்வுகள், அவற்றில் ஒன்றோடு தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் டபுள் செக் வால்வு. நிரப்ப வேண்டுமென்றால் பாய்லரை அணைத்து ஆறவிட வேண்டும், மண்டியிட வேண்டும், குழாயை மாட்ட வேண்டும், ஒரு வால்வை முழுதாகவும் இன்னொன்றைத் துளித்துளியாகவும் திறக்க வேண்டும். முள் வந்ததும் இரண்டையும் மூட வேண்டும், அடியில் துணி வைத்துக் குழாயைக் கழற்ற வேண்டும், இரண்டு முனைக்கும் மூடி போட வேண்டும். ஐந்து நிமிடமும் கொஞ்சம் முழங்கால் வலியும் ஆகும்.

இதுவரை கேட்டால் லீவர் பக்கம்தான் யாரும் சாய்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முன்பு லண்டனின் ஹாரோவில் வாடகைக்கு இருந்த வீட்டில் லீவர் வகை பாய்லர். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முதல் இரண்டு குளிர்காலம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது ஆண்டு ஜனவரியில் கேஜ் விளையாட ஆரம்பித்தது. திங்கட்கிழமை 1.2-இல் விட்டேன். யாரும் தொடவில்லை. புதன் காலை 1.8, வெள்ளி 2.4. சனிக்கிழமை ஹீட்டிங் போட்டதும் 3-ஐத் தொட்டு, வெளிச்சுவரில் சடசடவென்று தண்ணீர். அதன்பின் கதை தலைகீழ்: முள் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தது. ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு மூடி உட்காரும் இடத்தில் துரு ஏதோ சிக்கி, மறுபடி சரியாக மூடவில்லை. பிரஷர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாத நிலைமை.

வெளிச்சுவர்ச் செம்புக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க, மளிகைக் கடை பிளாஸ்டிக் பையொன்றைக் குழாய் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். காலையில் பார்த்தால் திருவிழாவில் மீன்குஞ்சு விற்கும் பை மாதிரி, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் தொங்குகிறது. அந்தச் சுவரில் பச்சைப் பாசி படிந்திருந்ததையும் அன்றுதான் கவனித்தேன். எத்தனை நாளாகச் சொட்டியதோ.

வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் எக்ஸ்பான்ஷன் வெசல் என்றார். பாய்லருக்குள் இருக்கும் காற்றுக் குடுவை அது. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுப்பது அதன் வேலை. அதில் காற்று இறங்கிவிட்டாலும் முள் 3-க்குத் தாவும் என்பது உண்மை. காற்றடைத்தார், பாதுகாப்பு வால்வையும் மாற்றினார். நான்கு நாளில் முள் மறுபடி ஏறியது. வெசல் கெட்டிருந்தால் சூடாகும்போதுதான் ஏறும். எங்கள் வீட்டில் பாய்லர் அணைந்து கிடந்த இரவிலும் ஏறியது. எங்கிருந்தோ மெயின்ஸ் தண்ணீர் உள்ளே கசிகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

அப்படிக் கசிய காம்பி பாய்லரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, நிரப்பும் லிங்க்கின் வால்வு முழுதாக மூடாமல் தண்ணீரைக் கசியவிடுவது. மற்றொன்று, குழாயில் வரும் வெந்நீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஊசித் துளை விழுவது. மெயின்ஸ் பிரஷர் ரேடியேட்டர் சுற்றைவிட அதிகம் என்பதால் இரண்டிலும் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும், அறிகுறியும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் செலவு ஒன்றல்ல. லிங்க் சின்ன வேலை, பிளேட் பெரிய வேலை.

லீவர் வகையில் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பாய்லரின் அடியில் குளிர்நீர் வரும் வால்வை இரவு முழுக்க மூடி வைத்தேன். முள் அசையவில்லை. சரி, மெயின்ஸிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஒரே வால்வுதான் லிங்க்குக்கும் பிளேட்டுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. அதை மூடினால் இரண்டு சந்தேகப் பேர்வழிகளையும் சேர்த்து உள்ளே வைத்த மாதிரி, திருடன் யாரென்று தெரியாது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை இருபது வருஷம் ஹீட்டிங் வேலை பார்த்தவர். வந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதில என்னத்தைத் தம்பி பிரிச்சுப் பாக்கிறது? வெளி லூப் எண்டால் கழட்டி மேசையில வச்சிட்டுப் படுக்கலாம். கழட்டி வச்ச பிறகும் முள் ஏறுதெண்டால் அது வேற வருத்தம்."

என் தேர்வு அந்த வார்த்தையில் முடிந்துவிட்டது. லூப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் அந்த வழியாக ஒரு சொட்டும் போகாது. அடுத்த நாள் முள் ஏறியிருந்தால் பிளேட், ஏறவில்லை என்றால் வால்வு. பத்துப் பைசா செலவில்லாத பரிசோதனை. வால்வுதான் என்றால் லூப் மொத்தமும் கடையில் இருபது பவுண்டுக்குள் கிடைக்கிறது. பாய்லரைத் தொடவே வேண்டாம். லீவர் வகையில் அதே கோளாறுக்கு பாய்லரின் அடிப்பாகத்தில் வேலை, அந்த மாடலுக்கே உரிய பாகம், ஆள் கூலி. (அந்த வீட்டில் கடைசியில் லிங்க்தான் குற்றவாளி. அதற்குள் வெசல், பாதுகாப்பு வால்வு என்று வீட்டுக்காரருக்கு இரண்டு பில் போயிருந்தது. 1985-ஆம் ஆண்டு வீட்டு வாடகைச் சட்டப்படி ஹீட்டிங்கைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு என்பதால் என் பை தப்பியது.)

ஃபில்லிங் லூப்பைக் கழற்றி வைப்பது என் பிடிவாதம் மட்டுமில்லை. இங்கே 1999-ஆம் ஆண்டுத் தண்ணீர் இணைப்பு விதிகளும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன: அது தற்காலிக இணைப்பு, நிரப்பியதும் எடுத்துவிட வேண்டும். ரேடியேட்டர் சுற்றில் ஓடும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். குடிக்கும் குழாயோடு அதை நிரந்தரமாகச் சேர்த்து வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் லூப் மாட்டியபடியேதான் தொங்குகிறது. அப்படி விட்டால் நான் சொல்லும் ஆதாயம் எதுவும் கிடையாது. மூடாத வால்வு லீவரில் இருந்தால் என்ன, லூப்பில் இருந்தால் என்ன.

லூப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். முனை மூடிகளைத் தொலைத்துவிட்டு யாராவது வால்வைத் தொட்டால் அலமாரி முழுக்கக் குளியல். என் மகன் அதையும் நடத்திக் காட்டிவிட்டான். அடிக்கடி கழற்றி மாட்டினால் வாஷர் தேயும். குனிய முடியாத வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் லீவரே போடுங்கள், வாதாட மாட்டேன்.

தானாகவே நிரப்பிக்கொள்ளும் ஆட்டோ ஃபில் பாய்லரை ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி, வைத்துப் பழகியதில்லை. எனவே தீர்ப்பு எழுதப்போவதில்லை. ஒரு கலக்கம் மட்டும் உண்டு: தானாக நிரம்பினால் ஒழுகல் கண்ணில் படாமலே போகுமோ? பிரஷர் இறங்குவது எங்கேயோ ஒழுகுகிறது என்பதன் அடையாளம். ரேடியேட்டரில் காற்று எடுத்தபின் இறங்கினால் சரி, வருஷத்துக்கு ஓரிரு முறை என்றாலும் சரி. வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் தரைக்கு அடியிலோ ரேடியேட்டர் வால்விலோ ஒழுகல் இருக்கிறது. ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போய் இரும்பைத் தின்கிறது, துருவைத் தடுக்க ஊற்றிய இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போகிறது. மனிதன் குனிந்து நிரப்பினால் எண்ணிக்கையாவது ஞாபகம் இருக்கும். லீவரிலேயே நான் எத்தனை முறை இழுத்தேன் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

ஏற்கெனவே லீவர் வைத்த பாய்லர் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதைப் பிடுங்கிப் போட வேண்டாம். நிரப்பியதும் கேஜை ஃபோனில் படம் எடுங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் இன்னொரு படம். முள் அதே இடத்தில் இருந்தால் உங்கள் வால்வு ஒழுங்காக மூடுகிறது. ஏறியிருந்தால் இன்ஜினியரிடம் முதலில் அந்த இரண்டு படத்தையும் காட்டுங்கள், அவர் வெசலில் கைவைப்பதற்கு முன்.

எங்கள் வீட்டு லூப் இப்போது இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. போன நவம்பரிலிருந்து இரண்டே முறை மாட்டியிருக்கிறேன். இரண்டும் மாடி ரேடியேட்டரில் காற்று எடுத்த மறுநாள். தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், அதுவும் மனைவிக்குப் பிடிக்கவில்லை.