முதல் இமயமலை நடை: எவரெஸ்டா, அன்னபூர்ணாவா, கேதார்காந்தாவா?

"ஆயுசுக்குள்ள ஒரு தடவையாவது" என்று தொடங்கும் பட்டியல்களில் இமயமலை எப்படியும் இடம்பிடித்துவிடும். இமயமலை என்றதும் எவரெஸ்ட், எவரெஸ்ட் என்றதும் பேஸ் கேம்ப். வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமலே முடிவெடுத்துவிடுகிறார்கள். பிறகு கையில் இருக்கும் பத்து நாள் லீவுக்குள் பதினாறு நாள் பயணத்தைத் திணிக்கப் பார்க்கிறார்கள். பாதி வழியில் தலையைப் பிடித்துக்கொண்டு ஹெலிகாப்டருக்குக் காத்திருப்பவர்களின் கதை பெரும்பாலும் இந்த லீவுக் கணக்கில்தான் தொடங்குகிறது.

மலைப் பழக்கம் இல்லாத, உடம்பு ஓரளவு ஒத்துழைக்கிற ஒருவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள். நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப், 5,364 மீட்டர். போய்வந்தவர்கள் வாயில் இது இபிசி. அதே நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப், அதாவது ஏபிசி, 4,130 மீட்டர். உத்தராகண்டில் கேதார்காந்தா உச்சி, 3,810 மீட்டர். மூன்றிலும் கயிறு பிடித்துப் பாறை ஏறும் வேலை கிடையாது, நடைதான்.

உயரத்தை நம்மூர்க் கணக்கில் சொல்வதென்றால், தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695. எவரெஸ்ட் நடை தொடங்கும் லுக்லா விமான நிலையமே 2,860 மீட்டரில் இருக்கிறது. ஆக, இங்கே எந்த மலையில் ஏறிப் பழகினாலும் அது காலுக்கும் மூச்சுக்கும் உதவுமே தவிர, உயரத்துக்கு உடம்பைப் பழக்காது.

லீவுக் கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது பணத்தை அல்ல, நாளை.

இபிசிக்கு சென்னையிலிருந்து சென்னை வரை 16 நாள் வையுங்கள். காத்மாண்டு போய்ச் சேர ஒரு நாள், அனுமதிச் சீட்டும் வாடகைச் சாமான்களும் வாங்க ஒரு நாள், நடை 11 அல்லது 12 நாள், திரும்ப ஒரு நாள். மிச்சம் ஒன்றிரண்டு நாள் லுக்லாவுக்கான வாய்தா. லுக்லா ஓடுபாதை வெறும் 527 மீட்டர் நீளம். ஒரு முனை மலைச்சுவர், மறுமுனை பள்ளத்தாக்கு. மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் வந்துவிடுவதால் விமானங்கள் காலையில்தான் பறக்கும். வானம் மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். கூட்டம் மிகுந்த மாதங்களில் பல விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து புறப்படுவதே இல்லை. நள்ளிரவுக்குப் பின் வண்டி பிடித்து நாலைந்து மணி நேரம் பயணம் செய்து மந்தலி போய் அங்கே ஏற வேண்டும். லுக்லாவிலிருந்து இறங்கும் அன்றைக்கே காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு டிக்கெட் போடுவது, பணத்தைத் தண்ணீரில் போடுவது.

ஏபிசிக்கு 11 நாள் போதும். காத்மாண்டுவிலிருந்து போக்ரா, பஸ்ஸில் ஒரு பகல். மறுநாள் ஜீப்பில் காந்துருக் அல்லது ஜினு பக்கம். நடை 6 அல்லது 7 நாள். விமான ஆபத்தும் காத்திருப்பும் இல்லை. ரயிலே போதும் என்பவர்கள் கோரக்பூர் வரை ரயிலில் போய், சுனௌலி எல்லை தாண்டி பஸ்ஸில் போக்ரா போகலாம். ஆனால் அதற்குப் போக வர தலா இரண்டு மூன்று நாள் கூடும்.

கேதார்காந்தா 8 நாளில் முடியும். டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேர மலைப்பாதை, அங்கிருந்து நாலு நாள் நடை. ஒரே ஒரு வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, இதுதான்.

எது எளிது?

"ஏபிசி எளிது, இபிசி கஷ்டம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். இரண்டும் உடம்பைச் சோதிக்கும் விதம் வேறு.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் என்று வரும் மலைநோய்க்குக் காரணம் நீங்கள் எட்டும் உச்ச உயரம் மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பதும்தான். மருத்துவர்கள் சொல்லும் பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். எவரெஸ்ட் பாதையின் வழக்கமான அட்டவணை ஏறக்குறைய இந்த விதிப்படியே அமைந்திருக்கிறது. நாம்சே பஜாரில் (3,440) இரண்டு இரவு, தெங்போச்சே (3,860), திங்போச்சேயில் (4,410) மறுபடி இரண்டு இரவு, லோபுச்சே (4,940), கோரக் ஷெப் (5,164). அந்தக் கூடுதல் இரவுகளில்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. லீவு குறைவு என்று மக்கள் முதலில் வெட்டுவதும் அதே இரவுகளைத்தான்.

அன்னபூர்ணாவில் அப்படி ஓய்வு நாள் வைக்கும் வழக்கமே இல்லை. பாம்பூ என்ற தங்குமிடம் 2,310 மீட்டர். மறுநாள் தேவ்ராலி, 3,230. அதற்கு மறுநாள் நேரே ஏபிசி, 4,130. இரண்டே நாளில் 1,800 மீட்டருக்கும் மேல். ஏபிசியில் அந்த ஓர் இரவு தூக்கமில்லாமல், வாந்தியும் தலைவலியுமாகப் போவதற்குக் காரணம் இந்தப் பாய்ச்சல்தான். இதற்கு மருந்து மிகச் சுலபம்: ஒரு நாள் கூட்டிக்கொண்டு, இமாலயா (2,920) என்ற இடத்தில் ஓர் இரவு, தேவ்ராலியில் ஓர் இரவு, மச்சபுச்சரே பேஸ் கேம்ப்பில் (3,700) ஓர் இரவு தங்குங்கள். அங்கிருந்து விடியற்காலை மூட்டை முடிச்சில்லாமல் ஏபிசி ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடலாம். தூங்கும் உயரம் குறைகிறது. பார்க்க வேண்டியது எதுவும் குறைவதில்லை.

ஆனால் மேலே போன பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஏபிசியில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 விழுக்காடு. இபிசியில் ஏறத்தாழ பாதி. ஏபிசியில் உடம்பு மோசமானால் சில மணி நேரத்தில் நடந்தே 3,000 மீட்டருக்குக் கீழே வந்துவிடலாம். கோரக் ஷெப்பிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரே நாளில் இறங்குவது நோயாளிக்கு ஆகிற காரியமல்ல. ஈடாக எவரெஸ்ட் பாதையில் ஒரு வசதி: சீசன் மாதங்களில் ஃபெரிச்சேயில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவமனை இயங்குகிறது.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தள்ளாட்டம் எது சேர்ந்தாலும் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலும் பெருவிரலும் தொட்டபடி நேர்கோட்டில் பத்தடி நடக்க முடியாவிட்டால், இரவென்றும் பாராமல் இறக்க வேண்டும்; விடியட்டும் என்று காத்திருந்ததால் போன உயிர்கள் உண்டு. அசிட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ்) தடுப்புக்காக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு மலைநோய் வராது என்பது கட்டுக்கதை. அவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரம் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

முட்டிக்கு வரும்போது கணக்கு தலைகீழ். எவரெஸ்ட் பாதையில் மண்ணும் கல்லுமான ஏற்றம். நாம்சேக்கு முந்தைய ஏற்றத்தை விட்டால் பெரும்பகுதி நிதானமானது. அன்னபூர்ணாவில் நிறையக் கல்படிகள். சோம்ரோங்கில் ஆயிரக்கணக்கான படி இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுகரையில் சினுவாவுக்கு அதே அளவு ஏற வேண்டும். திரும்பும்போது மறுபடி அதே. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு, உயரம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஏபிசியைப் பரிந்துரைப்பது சரியான ஆலோசனை ஆகாது.

இன்னொன்று. இமாலயாவுக்கும் மச்சபுச்சரே பேஸ் கேம்ப்புக்கும் இடையே பனிச்சரிவு விழும் பகுதி இருக்கிறது. 2020 ஜனவரியில் அங்கேதான் தென்கொரியர் நால்வரும் நேபாளியர் மூவரும் புதைந்தார்கள். கனத்த பனிப்பொழிவு முடிந்த கையோடு அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. வெயில் ஏறும் முன், காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

கேதார்காந்தாவின் சோதனை குளிர். நேபாளத்தில் இரண்டு பாதைகளிலும் சுவரும் கூரையும் உள்ள விடுதிகள், கட்டில், சூடான பருப்புச் சோறு. இங்கே கூடாரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். உச்சிக்குப் புறப்படுவது விடியலுக்கு வெகு முன்னால், இருட்டில், பனிமேல். ஷூவின்மேல் மாட்டும் இரும்புப் பல் பட்டையும் கணுக்காலை மூடும் உறையும் இல்லாமல் போனால் இறங்கும்போது வழுக்கும். பனியையே பார்த்திராதவருக்குப் பனி வேண்டுமென்றால் மூன்றில் இதுதான் நல்ல தேர்வு. டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிருங்கள், கூட்டம் தாங்காது.

கண்ணுக்கு என்ன கிடைக்கும்

இதைப் பலர் தெரியாமலே போகிறார்கள்: எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. மேற்குத் தோளும் நுப்சேயும் மறைத்துவிடும். அங்கே தெரிவது கும்பு பனியருவியும் கல்லும்தான். உச்சியைப் பார்க்க, பக்கத்தில் 5,500 மீட்டரைத் தாண்டும் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். பயணத்திலேயே மூச்சு அதிகம் திணறுவது அங்கேதான். ஏப்ரல், மே மாதங்களில் போனால் ஏறுவோரின் மஞ்சள் கூடாரங்கள் நிறைந்து கிடக்கும். அக்டோபரில் அந்தக் கூடாரங்கள் அநேகமாக இருக்காது.

அழகு என்று மட்டும் கேட்டால் ஏபிசிக்குத்தான் ஓட்டு. 8,091 மீட்டர் அன்னபூர்ணா, 7,219 மீட்டர் அன்னபூர்ணா தெற்கு, ஹியூஞ்சுலி, 6,993 மீட்டர் மச்சபுச்சரே என்று நாலு பக்கமும் சுவர் எழுப்பி நடுவில் நம்மை நிறுத்தியது போல இருக்கும். கீழே மூங்கில் காடு, மார்ச் ஏப்ரலில் சிவப்பு ரோடோடென்ட்ரான் பூக்கள், திரும்பும் வழியில் ஜினுவின் வெந்நீர் ஊற்று. எவரெஸ்ட் தருவது பெயரையும், ஷெர்பா ஊர்களையும், பல நாள் உயரத்திலேயே வாழும் அனுபவத்தையும். அது சின்ன விஷயம் இல்லைதான்.

பணம், காகிதம்

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று. அன்னபூர்ணா நுழைவு அனுமதி இந்தியர் உட்பட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். எவரெஸ்ட் பாதை போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு 1,500, அதன்மேல் 13 விழுக்காடு வரி, அந்தக் கும்பு பகுதியின் ஊராட்சிக்குத் தனிக் கட்டணம். வித்தியாசம் இவற்றில் இல்லை. லுக்லா டிக்கெட்டிலும், கூடுதலாக வரும் நாலைந்து நாள் சாப்பாட்டிலும்தான். சாமானெல்லாம் யாக்கும் ஆளும் சுமந்து வருவதால், மேலே போகப் போக வெந்நீருக்கும் சார்ஜ் போடுவதற்கும்கூட விலை ஏறும். பருப்புச் சோற்றுக்குத்தான் மறுசோறு உண்டு. பசிக்கும் பைக்கும் அதுவே நல்லது. ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போனால் பத்தாம் நாள் அருமை தெரியும்.

நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போகாதீர்கள். இன்சூரன்ஸில் எத்தனை மீட்டர் வரை என்ற வரியைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் அதிஉயர மலையேற்றம் சேராது. இபிசிக்கு 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்புச் செலவோடு இருக்க வேண்டும்.

பயிற்சி, பிறகு வரிசை

மூன்றுக்கும் 16 வாரம். முதல் மாதம் வாரம் நாலு நாள் 5 கிலோமீட்டர் வேக நடை. இரண்டாம் மாதம் மாடிப்படி: 3 கிலோ பையோடு தொடங்கி, 7 கிலோ வரை. ஒரு மாடி 3 மீட்டர் என்றால், பத்து மாடிக் கட்டடத்தில் 17 தடவை ஏறினால் 500 மீட்டர். இறங்குவதையும் படியிலேயே செய்யுங்கள், லிஃப்ட் வேண்டாம். மலையில் முட்டி போவது இறக்கத்தில்தான். மூன்றாம் மாதம் தொடர்ந்து இரண்டு நாள் நடை: சனிக்கிழமை திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், ஞாயிறு மறுபடி நடை. களைத்த காலோடு நடப்பதுதான் பயிற்சி. கோடையில் வெள்ளியங்கிரி திறந்திருக்கும்போது ஏழு மலையும் ஏறி இறங்கி, மறுநாள் நடக்க முடிந்தால் ஏபிசிக்குக் கால் தயார். கடைசி மாதம் புது ஷூவுக்கான நேரமல்ல. ஷூவை முதல் மாதமே வாங்கிப் பழக்குங்கள். தடித்த ஜாக்கெட்டும் தூக்கப்பையும் வாங்க வேண்டாம், காத்மாண்டு தமேலிலும் போக்ரா லேக்சைடிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

எங்கள் பரிந்துரை: 12 நாள் லீவு கிடைக்கும் முதல் நவம்பரில் ஏபிசி. அந்த உயரத்தில் உங்கள் தலையும் வயிறும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்த பிறகு, வேலை மாறும் இடைவெளியோ நீண்ட விடுப்போ வரும் ஆண்டில், ஏப்ரலில் இபிசி. 16 நாள் இப்போதே கையில் இருந்து, இனி வாழ்க்கையில் அப்படி வராது என்று தோன்றினால் நேரே இபிசிக்கே போங்கள். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் அந்த இரண்டாவது இரவுகளை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏஜென்சி அனுப்பும் அட்டவணையில் அவை இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த ஏஜென்சியைக் கேளுங்கள்.