உயரம் ஏற்றும் ‘மூளை பெப்டைட்’ பவுடர்: 18,500 ரூபாய் போச்சு

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் வயசுப் பசங்க இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிடுங்கள். யாரும் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் தம்பிக்கு 22 வயது, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். எங்கள் பிரிவில் ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும். இவன் 168. அந்த இரண்டு சென்டிமீட்டரைக் காட்டித்தான் ஜிம்மோடு சேர்ந்த ஒரு சப்ளிமென்ட் கடையில் 18,500 ரூபாயைப் பிடுங்கினார்கள்.

கவுண்டரில் வெள்ளை கோட் போட்ட ஒருத்தர். கையில் லேமினேட் செய்த மூளைப் படம். “மூளைக்குள்ள ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி, அதுல இருந்து ஜிஹெச்ஆர்ஹெச்னு ஒரு பெப்டைட், அதாவது குட்டிப் புரதம் வருதும்மா, 44 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. அது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை வளர்ச்சி ஹார்மோனை விடச் சொல்லும். சொமட்டோஸ்டேட்டின்னு இன்னொண்ணு அதைத் தடுக்கும். நம்ம பவுடர் முதல்ல சொன்னதை ஏத்தும், ரெண்டாவதை அடக்கும்.” ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கும் என்றார். இந்த மூளை பெப்டைட்களுக்காக கில்லெமின், ஷாலி என்ற விஞ்ஞானிகள் 1977இல் நோபல் வாங்கினார்கள் என்றார். அங்கேயே போனில் தேடினேன். அத்தனையும் உண்மை! பவுடரைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் பொய். அம்மா சீட்டு எடுத்த பணத்தை எண்ணிக் கொடுத்தார். 18,500.

டப்பா காலியாச்சு, உயரம் அப்படியேதான் இருந்தது. போய்க் கேட்டால், “பையன் ராத்திரி மொபைல் பாக்குறானா?” அப்புறம், “ரெண்டாவது கோர்ஸ் போட்டாத்தான் ரிசல்ட்.” அதற்கப்புறம் வெள்ளை கோட்டையே காணோம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஜிம் பையனோ, “அக்கா, அது வேற செக்‌ஷன்” என்கிறான். பணம் வாங்கும்போது ஒரே செக்‌ஷனாகத்தானே இருந்தது?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடியாச்சு. இனி நிஜ ஹார்மோன் ஊசியே போட்டாலும் உயரம் வராது, கை கால் தடிக்கும், சர்க்கரை ஏறும் என்றார் டாக்டர். ஜிஹெச்ஆர்ஹெச்சை வாயில் போட்டால், முட்டைப் புரதம் மாதிரி வயிற்றிலேயே செரித்துவிடுமாம். சரி, டப்பாவில் அதாவது இருந்ததா? லேபிளில் அர்ஜினைன் என்கிற ஒரு அமினோ அமிலமும் அஸ்வகந்தாவும்தான். அர்ஜினைனை நரம்பில் ஏற்றினால் சொமட்டோஸ்டேட்டின் அடங்கும்; ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் அப்படிக் கொடுப்பார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு பாலில் கலக்கிக் குடிக்கிற பவுடருக்கு 18,500 ரூபாய்!

என்ன செய்யலாம் என்றால், முதலில் எக்ஸ்ரே. வெள்ளை கோட்டைப் பார்த்தால் பதிவு எண் கேளுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். இதே டப்பாவை பில்லோடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.