ஜிம்னிக்கு ஏடி டயர் மாத்தினேன், ரெண்டு கடை ஏறி இறங்கின அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், டயர் நல்லா இருக்கு (ஏடின்னா ஆல் டெரெய்ன், தார் ரோடு மண் ரோடு ரெண்டுக்கும் ஆனது), ரெண்டாவதா போன சிங்கப்பூர் காக்கி புக்கிட் கடை ரொம்பவே நல்லா இருக்கு. முதல்ல டயர் வாங்கி மாட்டின கடை எதுன்னு சொல்லப் போறதில்ல, ஆனா அங்க என்ன தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு உதவும்.

வண்டி சுசூகியோட நாலாவது தலைமுறை ஜிம்னி, 1.5 லிட்டர், ஆட்டோ. கம்பெனியிலேர்ந்து வந்த டயர் 195/80 ஆர் 15 (195 மில்லிமீட்டர் அகலம், அதுல 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 இன்ச் ரிம்), ஹெச்டி ரகம், அதாவது தார் ரோட்டுக்குன்னே செஞ்சது. அஞ்சு வருஷம் ஓடிடுச்சு. சட்டப்படி டயர் பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகுற வரைக்கும் தேயலாம்தான், ஆனா என்னோடது 3 மில்லிமீட்டருக்கு வந்தப்பவே மழையில வழுக்க ஆரம்பிச்சது. அதோட நாங்க குடும்பமா மலேசியாவுல ஜொகூர் பக்கம் அடிக்கடி போவோம், காஹாங்லேர்ந்து எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள்ள கம்போங் பேத்தா வரைக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல செம்மண் ரோடு, நடுவுல செம்பனைத் தோட்டம், மழை பேஞ்சா சோப்பு தேய்ச்ச மாதிரி ஆயிடும். போன தடவை அங்க ஒரு ஏத்தத்துல வண்டி பக்கவாட்டுல சறுக்கி என் மனைவி பயந்தே போயிட்டா. அன்னைக்கே முடிவு பண்ணேன் மாத்திடணும்னு.

சைஸ் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறாங்க. எங்க போய் கேட்டாலும் 235/75 போடு, பார்க்க மிரட்டலா இருக்கும்னு சொல்வாங்க. பார்க்க அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா கணக்கு போட்டு பாருங்க. கம்பெனி டயரோட விட்டம் 693 மில்லிமீட்டர், 235/75 கிட்டத்தட்ட 733, அதாவது 6 சதவீதம் பெருசு. மீட்டர் 90 காட்டுறப்போ கணக்குப்படி 95ல போயிட்டிருப்பீங்க, பிஐஇ விரைவுச்சாலையில கேமரா இருக்குற இடத்துல இது சின்ன விஷயமா? ஜிம்னி எஞ்சினோ வெறும் 102 குதிரை சக்தி, டயர் பெருசாச்சுன்னா கியர் எல்லாம் நீண்ட மாதிரி ஆயிடும், மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். இன்னொண்ணு, நம்ம ரிம் 5.5 இன்ச் அகலம்தான், 235க்கு அது பத்தாது, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசவும் வாய்ப்பு இருக்கு. மட்கார்டை தாண்டி டயர் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணைய விதிக்கும் ஒத்து வராது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷனுக்கு போகணும், மறந்துடாதீங்க.

அதனால 215/75 ஆர் 15 எடுத்தேன். விட்டம் 703, ஒண்ணரை சதவீதம்தான் கூட, அதே ரிம்ல அழகா உக்காரும், எதையும் வெட்ட வேண்டாம் தூக்க வேண்டாம்.

பிராண்ட்ல பிஎஃப் குட்ரிச் கேஓ2 மேல எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆனா இந்த சைஸ்ல அது எல்டி, அதாவது லைட் டிரக் ரகம், பக்கச்சுவர் தடிமன், கனமான பிக்கப் வண்டிக்கு ஏத்தது. ஜிம்னி 1,100 கிலோ சொச்சம், அவ்ளோ விறைப்பான டயர் போட்டா ஒவ்வொரு பம்புக்கும் தூக்கி தூக்கி போடும். கூர்மையான பாறை மேல ஏறுறவங்களுக்கு எல்டி கண்டிப்பா வேணும், நான் போறது செம்மண். அதனால யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி, எல்டி இல்லாத சாதா ரகம். நாலு வாங்காதீங்க, அஞ்சா வாங்குங்க, பின் கதவுல தொங்குற ஸ்பேரும் அதே அளவா இருக்கணும், 4x4ல போட்டு ஓட்டுறப்போ ஒரு சக்கரம் மட்டும் வேற அளவுல இருந்தா முன், பின் சக்கரத்துக்கு சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு கேடு. ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்து சொச்சம் வெள்ளி ஆச்சு. வாங்கும்போது டயர் பக்கவாட்டுல டாட்னு இருக்குற நம்பரோட கடைசி நாலு எண்ணை பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்சது. பழைய சரக்கை தள்ளி விட்டா திருப்பி கொடுத்துடுங்க.

இப்ப முதல் கடைக்கு வரேன். மாட்டி முடிச்சு விரைவுச்சாலையில ஏறி 80 தாண்டினதும் ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது, கையே மரத்துப் போச்சு. திரும்பிப் போய் சொன்னா, புது டயர் அப்படித்தான், ஓட ஓட சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை போனப்போ அலைன்மெண்ட் பண்ணணும், கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்தா நிக்காம சாயுற கோணத்தை சரி பண்ணணும், அதுக்கு தனி காசுன்னாங்க. ஜிம்னிக்கு முன்னாடி முழு ஆக்ஸில், ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்குது, அதுல டோ, அதாவது சக்கரம் உள்பக்கம் வெளிப்பக்கம் திரும்பற கோணம் மட்டும்தான் திருப்ப முடியும், கேம்பர் எங்கேர்ந்து வரும்? எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு, தெரியாதவங்க எத்தனை பேர் கொடுத்திருப்பாங்க அந்த காசை.

காக்கி புக்கிட் கடையில வேலை பாக்குற தம்பி ஈப்போக்காரர், தினம் ஜொகூர் பாருலேர்ந்து வந்து போறார். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே, "அண்ணே, பேலன்சிங் மெஷின்ல எந்த கோன் போட்டாங்கன்னு பாத்தீங்களா?"ன்னு கேட்டார். விஷயம் இதுதான். பேலன்சிங்னா வீல் எல்லா பக்கமும் ஒரே எடையா சுத்துதான்னு பாத்து சரி பண்றது. வீலோட நடு ஓட்டையில ஒரு கோன் வச்சு மெஷின்ல இறுக்குவாங்க, சாதாரண காருக்கு அந்த ஓட்டை 60, 70 மில்லிமீட்டர் இருக்கும், ஜிம்னிக்கு 108. சரியான பெரிய கோன் இல்லாம ஒப்பேத்தினா வீல் நடுவுல உக்காராது, மெஷின் சைபர்னு காட்டும், வண்டியில மாட்டினா ஆடும், அதுவும் முழு ஆக்ஸில் வண்டியில ஒரு பக்கத்து ஆட்டம் அப்படியே அடுத்த பக்கத்துக்கும் போகும். அவர் பெரிய கோனை எடுத்து ஒவ்வொண்ணா போட்டு என்னையும் பக்கத்துல நிக்க வச்சு காட்டினார், ரெண்டு வீல்ல நிறைய கிராம் வித்தியாசம். பழைய ஈய எடைக்கட்டியை எல்லாம் பிடுங்கிட்டு புதுசா ஒட்டினார். நட்டை ஏர் கன்ல அடிச்சு விடாம கையால டார்க் ரென்ச் வச்சு 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார், ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க திரும்ப ஒரு தடவை பாத்துடலாம்னார், அதுக்கு காசும் வாங்கல.

இப்ப 90லயும் ஸ்டியரிங் அசையாம நிக்குது.

சத்தம் கொஞ்சம் கூடத்தான், எந்த ஏடி போட்டாலும் ஹெச்டியை விட இரைச்சல் இருக்கும், ஜிம்னி ஏற்கனவே சத்தமான வண்டி, பாட்டு போட்டா தெரியாது. பெட்ரோலும் கொஞ்சம் கூட குடிக்குது. ஈர ரோட்டுல புது ஹெச்டி மாதிரி டக்குன்னு நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, முன்னாடி வண்டியோட இடைவெளி கூட விடுங்க, முதல் சில நூறு கிலோமீட்டர் இன்னும் நிதானமா போங்க. ஆனா கம்போங் பேத்தா ரோட்டுல! டோர் ஸ்டிக்கர்ல காத்தழுத்தம் 26 பிஎஸ்ஐ போட்டிருக்கும், செம்மண் ஆரம்பிக்கற இடத்துல 18க்கு இறக்கினேன், போன தடவை சறுக்கின அதே ஏத்தத்துல சத்தமே இல்லாம ஏறிடுச்சு, மனைவி திரும்பி என்னைப் பாத்து சிரிச்சா. தார் ரோடு வந்ததும் சின்ன கம்ப்ரெசர் வச்சு காத்து ஏத்திக்கணும், அது இல்லாம இறக்காதீங்க. வருஷக் கடைசி மழைக்காலத்துல பார்க்கை மூடிடுவாங்க, அதையும் பாத்துட்டு கிளம்புங்க.

அடுத்த மாசம் 8,000 கிலோமீட்டர் ஆகுது, அஞ்சு டயரையும் இடம் மாத்திப் போட அங்கதான் போறேன். அந்த தம்பிக்கு சனிக்கிழமை லீவு, அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு சொல்லி வச்சிருக்கேன்.