பி550, பி760, பி650: நடுத்தர பட்ஜெட்டுக்கு எந்த மதர்போர்டு?

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "கையில் பழைய ரேம் இருக்கிறதா?" என்றுதான். மதர்போர்டுக்கு 10,000 முதல் 18,000 ரூபாய் வரை ஒதுக்கியவருக்கு அந்தப் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு இந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடிவிட்டது.

போட்டி மூன்று போர்டுகளுக்குள். ப்ராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட்டுக்கு பி550, ஏஎம்5 சாக்கெட்டுக்கு பி650. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு பி760.

பி550 வந்தது 2020-இல். டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும், எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும் பிசிஐஇ 4.0 என்ற வேகமான இணைப்பு உண்டு, மற்றவை அதற்கு முந்தைய 3.0. போர்டு இன்றைக்கும் உறுதியானதுதான், ஆனால் புதிதாக எல்லாம் வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். இதற்கு முந்தைய ஏஎம்4 போர்டான பி450 ஏற்கெனவே வைத்திருப்பவருக்கோ இதுவும் வேண்டாம். பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து, ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ப்ராசஸர் ஒன்றைப் போட்டால் போதும்.

பி760-இல் கவனம் தேவை. ஒரே சிப்செட்டில் (போர்டின் முக்கியச் சில்லு; பி760 என்பது அதன் பெயர்தான்) டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மாடல் பெயரின் கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம் தெரியும். ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. 32 ஜிபி டிடிஆர்4 கையில் இருப்பவருக்கு, இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர் போட்டுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) பி760 விடாது என்பதால், அதற்கு இடம்தரும் கே மாடல் ப்ராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் வாங்கினால் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அவற்றில் சில மாடல்களில் வோல்டேஜ் கூடிப்போய் ப்ராசஸரே பழுதான சிக்கலுக்கு இன்டெல் 2024-இல் திருத்தம் வெளியிட்டது.

பி760-இன் பெரிய குறை, பாதை இங்கேயே முடிந்துவிடுவது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851 என்ற புதிய சாக்கெட்டுக்குப் போய்விட்டது. நாளைக்கு ப்ராசஸர் மாற்ற நினைத்தால் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பி650 என் மனதுக்கு நெருக்கமானது அதனால்தான். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 2022-இல் ரைசன் 7000-க்காக வந்த போர்டிலேயே, பயாஸை மாற்றினால் ரைசன் 9000 ஓடுகிறது. இன்று ரைசன் 5 7600 போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றலாம். டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும் என்பதால் தொடக்கச் செலவு கூடும். அதை மறைக்க முடியாது. ரேமை 8 ஜிபி நான்காக வாங்காமல் 16 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ரைசன் 7000-இல் இரண்டு ரேமுக்கு ஏஎம்டி குறிப்பிடும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600தான். முதல் முறை பவர் கொடுத்ததும் ரேமைப் பழக்கிக்கொள்ள இந்த போர்டு சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

எதை எடுத்தாலும், பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டன் இல்லாத பி450 போர்டு ஒன்றையும் ரைசன் 5600-ஐயும் சேர்த்து வாங்கி வந்து, திரையில் ஒன்றுமே வராமல் இரவு முழுக்க ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மாட்டியவன் நான். பழைய பயாஸுக்கு அந்த ப்ராசஸரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குத் தூக்கிப்போய், பழைய ப்ராசஸர் ஒன்றைப் போட்டு அப்டேட் செய்த பிறகே உயிர் வந்தது. பட்டன் இருந்தால் ஒரு பென்டிரைவில் வேலை முடிந்திருக்கும்.

அதற்கடுத்து விஆர்எம். ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் பகுதி அது. அதன்மேல் கனமான ஹீட்சிங்க் இருக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு, வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுப்பதே நியாயம். வைஃபை பிறகுகூட வாங்கி மாட்டிக்கொள்ளலாம், விஆர்எம்மை அப்படி மாட்ட முடியாது.

பழைய டிடிஆர்4 இருந்தால் பி760-இன் டிடிஆர்4 மாடல். எல்லாமே புதிது என்றால் பி650. அதே விலைக்கு அதன் அடுத்த தலைமுறையான பி850 கிடைத்தால் அதையே எடுங்கள், சாக்கெட் ஒன்றுதான்.